புல்லுக்குச் சோறு ஊட்டாதீங்க மாப்ள

ஏனுங் மாப்ள, காசு குடுத்துப் புல்லு வாங்கியாந்தீங்களாமா? நம்மூர்ல புடுங்கறதுக்குத்தான் கூலி. இல்லினாய் சம்பாத்தியம், நடறதுக்கே குடுக்கலாம், தப்பில்லைங்க.

ஆனா நீங்க வாங்கின பிக் புளூஸ்டெம் இந்த மண்ணுக்குப் பழைய பட்டாதாரர். 1837-ல ஜான் டியர்ங்கற கொல்லர் எஃகுக் கலப்பை அடிச்சுக் குடுத்தாரு. அப்புறம் உழுது உழுது மக்காச்சோளமும் சோயாவும் போட்டதுல, இந்த மாநிலத்துப் பழைய புல்வெளி ஆயிரத்துல ஒரு பங்குகூட மிச்சமில்லை. எல்லாத்தையும் தொடைச்சுப்போட்டு, 1989-ல அதையே மாநிலப் புல்லுன்னு அறிவிச்சாங்க பாருங்க, அங்கதான் நிக்கறாங்க பெரிய மனுசங்க!

அப்பேர்ப்பட்டவருக்கு நீங்க உரமூட்டை தூக்கிட்டுப் போறீங்க. வேண்டாஞ் சாமி. தின்னு கொழுத்தா ஆளுசரம் தாண்டி வளந்து, ஒரு மழைக்கே நடைபாதை மேல படுத்துக்கும். வேர் புடிக்கற முதல் வருசம் தண்ணி காட்டுங்க, போதும். அப்புறம் ரெண்டு மூணு மீட்டர் எறங்கி அதுவே குடிச்சுக்கும். முதல் வருசம் தூங்கும், ரெண்டாம் வருசம் தவழும், மூணாம் வருசம் தாவும்னு இங்கத்த ஆளுகளே சொல்றாங்க. நீங்க முதல் மாசமே டேப்பு வெச்சு அளக்கறீங்க.

ஏப்ரல்ல பக்கத்து வீட்டு லான் பச்சையா நிக்கும். இது செத்த மாதிரி கெடக்கும். புடுங்கிராதீங்க. சூடு ஏறினாத்தான் எந்திரிக்கும். ஞாயித்துக்கிழமை உங்களைப் பாத்த எனக்கு இது புதுசில்லைங்க.

கோடை முடியறப்போ செங்கருப்புக் கதிர் மூணு விரலாப் பிரியும். வான்கோழிக்கால்னே அதுக்குப் பேரு. காஞ்சதும் கத்தரியைத் தூக்காதீங்க. பனிக்காலம் முச்சூடும் குருவிக்கு அதான் வீடு. மார்ச்சுல ஒரு சாண் விட்டு அறுங்க.

ரோட்டோரம் மட்டும் ரெண்டடி லானை ஒட்ட வெட்டி வையுங்க. காடாக் கெடந்தா களைன்னு நோட்டீஸ் வரும். கத்தரிச்ச ஓரம் இருந்தா அதே களைக்குத் தோட்டம்னு பேரு. ஆபீசருக்கு ஓரந்தானுங் கண்ணுல படும்.

என்ற பொண்ணு கொழுக்கட்டைப் புல்லு விதை கொண்டாரச் சொன்னா. மாட்டேன்னுட்டேன். நம்ம காங்கயம் கொறங்காட்டுல அது மாட்டுக்கு அமிர்தம். மேய்ச்சலுக்குன்னு அரிசோனாவுல கொண்டாந்து விட்டாங்க; இப்போ பாலைவனமெல்லாம் பரவி, தீயைக் கூட்டியாந்து சகுவாரோ கள்ளியையே கருக்குது. ஊர்ல சாதுவா இருந்ததெல்லாம் அமெரிக்கா வந்தா ஆட்டம் தாங்கறதில்லைங்க. நான் புல்லைத்தானுங் சொன்னேன்.