ரெண்டு போடு, சரியாப் போயிரும்!

உக்காருங்க மாப்ளே. எரியோட்டுல பொண்ணு எடுத்து இத்தனை வருசமாச்சு, ஒண்ணைக் கவனிச்சீங்களா? இந்த ஊருல வைத்தியருக்குப் பஞ்சமே கிடையாது. உங்க மகன், நம்ம பேராண்டி, கடைவீதியில ஒரு தடவை கத்திக்கிட்டுத் தரையில பொரண்டாப் போதும், பஸ் ஸ்டாப்புல இருந்து ரயில் ஸ்டேசன் வரைக்கும் அத்தனை பேரும் டாக்டரு. டீ ஆத்துறவரு, "ரெண்டு போடுங்க, சரியாப் போயிரும்"ங்கறாரு. பெஞ்சுல உக்காந்திருக்கறவரு, "செல்லைப் புடுங்குங்க"ங்கறாரு. பூக்கட்டுற அப்பத்தா கயிறு மந்திரிக்கக் கைவசம் ஆளே வச்சிருக்கு. பெரிய மனுசன் ஒருத்தரு, "கல்யாணம் பண்ணி வச்சா தெளிஞ்சிருவான்"னாரு. பயலுக்கு வயசு ஏழு! எல்லாம் பீஸ் இல்லாத வைத்தியம். அங்கதான் சிக்கல். பீஸ் வாங்குன டாக்டருன்னா, கேக்கலைங்கன்னு மறுபடி போயி நிக்கலாம். இவங்களை எங்க போயிப் புடிக்கிறது?

மருந்துலதான் ஆளுக்கொரு கட்சி. காரணம்னு வந்தா ஊரே ஒத்துமையா இருக்கும்: "தாய் வளத்த லட்சணம்." படிக்காத சனம் அப்படித்தான் பேசும்னு நினைச்சிராதீங்க. சிகாகோவுல புரூனோ பெட்டல்ஹெய்ம்னு ஒரு பேராசிரியரு. ஆட்டிசம் வர்றதுக்குப் பெத்தவ பாசமில்லாம இருக்கறதுதான் காரணம்னு 1967-ல தடிப் புத்தகமே போட்டாரு. ஐஸ்பெட்டித் தாய்னு பேரு வேற வச்சிருந்தாங்க அந்தக் காலத்துல. நம்ம டீக்கடையில ஓசியில கிடைக்கிற கருத்தை அங்க காசு குடுத்து வாங்கிப் படிச்சிருக்காங்க பாருங்க. இத்தனைக்கும் மூணு வருசம் முந்தியே, 1964-ல, பெர்னார்டு ரிம்லாண்டுங்கறவரு இது மூளை சம்பந்தப்பட்ட சங்கதி, தாய் குத்தமில்லைன்னு எழுதிட்டாரு. அவரு கடற்படையில வேலை பாத்த உளவியல்காரரு. அதைவிட முக்கியம், அவரு மகனுக்கே ஆட்டிசம். மறுவருசமே அது மாதிரிப் புள்ளைகளைப் பெத்தவங்களைக் கூட்டிச் சங்கமும் வச்சாரு. அதுக்கப்புறமும் பேராசிரியரு 67-ல பழைய பாட்டையே பாடுனாருன்னா, பெரிய மனுசங்களுக்குக் காது எதுக்கு இருக்குன்னே தெரியலை.

சரி, உங்க வீட்டுக்கு வருவோம். மில்லுல உங்களுக்கு நைட் ஷிப்டு, எங்க தம்பி மகளுக்குப் பகல் ஷிப்டு. நீங்க வந்து சேர்றதுக்கு முன்னாடியே அவளுக்கு வேன் வந்து ஆரன் அடிக்குது. நடுவுல ஆளில்லாத நேரத்துக்குக் கதவுல பூட்டு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு குடுத்தாங்க, நமக்கெல்லாம் பெருமைதான். ஆனா அந்தப் பூட்டைச் செஞ்ச மனுசன் உள்ள நகை இருக்கும், பணம் இருக்கும்னு நினைச்சுத்தான் செஞ்சிருப்பாரு, பேராண்டி இருப்பான்னு நினைச்சிருக்க மாட்டாரு.

திட்டலை மாப்ளே. தெறந்து விட்டா பய தண்டவாளத்தைப் பாத்து ஓடுறான், அதுவும் எனக்குத் தெரியும். ஆனா பூட்டி வைக்கிற வழி எங்க போயி முடியும்னு 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி ஏர்வாடியில பாத்தாச்சு. மனநோயாளிகளை வச்சிருந்த கொட்டகை தீப்பிடிச்சப்போ சங்கிலியில கட்டிக் கிடந்த சனம் எந்திரிச்சு ஓட முடியலை. 28 உசுரு போச்சு. அவங்களைக் கொண்டாந்து விட்டதெல்லாம் கல்நெஞ்சுக் குடும்பமில்லை, வேற வழி சொல்ல ஆளில்லாத குடும்பம். இப்ப 2017 மனநலச் சட்டத்துல சங்கிலி போடக் கூடாதுன்னு எழுதியே வச்சிருக்கு. சங்கிலி வேண்டாம்னு சட்டம் சொல்லும். காலையில வேன் வந்து ஆரன் அடிச்சா என்ன செய்யணும்னு அது சொல்லாது.

அப்ப யாரு சொல்றது? நானா? நர்சிங் படிக்கிற பேத்தி ஒரு சங்கதி படிச்சுக் காட்டுச்சு. வேலூர் சி.எம்.சி.யில மனவளர்ச்சி குன்றின புள்ளைகளோட பெத்தவங்க 57 பேரை ரெண்டாப் பிரிச்சாங்களாம். ஒரு பாதிக்கு லெக்சரு. இன்னொரு பாதியை ஒண்ணா உக்கார வச்சு, கூட ஒரு ஆளைப் போட்டு, தங்களுக்குள்ள பேசிக் கத்துக்க விட்டாங்க. பத்து வாரம். புள்ளை மேல இருந்த பார்வை யாருக்கு நல்லா மாறுச்சுங்கறீங்க? பேசுனவங்களுக்கு. 1999-ல பிரிட்டிஷ் மனநல இதழ்லயே வந்திருக்கு. இதைக் கேட்டதுல இருந்து இனிமே லெக்சர் அடிக்கிறதை விட்டுரலாமான்னு யோசிச்சேன். விட்டா இந்த வயசுல எனக்கு வேற என்ன சோலி? அதனால தொடர்றேன், கேளுங்க.

எனக்குத் தெரிஞ்சு இந்தச் சுத்துப்பட்டியில உங்களை மாதிரி நாலு வீடு இருக்கு. ஒருத்தருக்கு ஒருத்தரைத் தெரியாது. எப்படித் தெரியும்? நாலு பேரும் கல்யாண வீட்டுக்கே வர்றதில்லையே. வந்தா பய பந்தியில இலையை இழுத்துருவான், சொந்தக்காரங்க ஆரம்பிச்சிருவாங்க, "ரெண்டு போடு."

அதுல கோவிலூர்க்காரி ஒருத்தி. மகன் எதுக்குக் கத்துறான்னே புரியாம இருந்தவ, நாள்காட்டியில கிழிச்ச தாளுக்குப் பின்னாடி மூணு சங்கதி எழுத ஆரம்பிச்சா. கத்துறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, அப்ப அவன் என்ன செஞ்சான், அதுக்கு அப்புறம் நாம என்ன செஞ்சோம். நாளாக நாளாக வெவரம் புரிஞ்சு போச்சு. மிக்சி திடுக்குனு ஓடுனா கத்துறான். கத்துன உடனே வாயை அடைக்கக் கையில பிஸ்கட்டு பாக்கெட்டு வந்து விழுது. இப்ப மிக்சி போடுறதுக்கு முன்னாடி, "சத்தம் வரும்டா"ன்னு காதைப் பொத்திக் காட்டிட்டுத்தான் போடுறா. பிஸ்கட்டைக் கத்தும்போது குடுக்காம, அவன் கையை நீட்டிக் கேக்கும்போது குடுக்குறா. மொதல்ல ரெண்டு வாரம் இன்னும் கூடுதலாக் கத்துனானாம். அங்கதான் எல்லாரும் விட்டுருவோம், அவ விடலை. கத்தல் நிக்கலை, கொறஞ்சிருக்கு. இதே வெவரத்தை டாக்டரும் சொல்லுவாரு. ஆனா அந்த ரெண்டு வாரம் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பாக்கும்போது மூஞ்சியை எங்க வச்சுக்கறதுங்கறதை இவதான் சொல்ல முடியும்.

இன்னொருத்திக்கு ஆபீஸ் வெவரம் அத்துப்படி. 2016 மாற்றுத்திறனாளி சட்டத்துல 21 வகை இருக்கு, ஆட்டிசமும் உண்டு, கத்துக்கிறதுல வர்ற கோளாறும் உண்டு, மனநோயும் உண்டுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பா. அடையாள அட்டைக்கு எத்தனை செராக்ஸ், மாசா மாசம் உதவித்தொகை எந்தப் புள்ளைக்கு உண்டு, எதுக்கு இல்லை, எல்லாம் அவகிட்டக் கேளுங்க. "நமக்கு அப்புறம் இவனை யாரு பாப்பா?"ன்னு நீங்க ராத்திரி முழிச்சுக் கிடக்கறீங்களே, அதுக்கும் 1999-ல தேசிய அறக்கட்டளைச் சட்டம்னு ஒண்ணு போட்டு, ஆட்டிசம், மூளை வளர்ச்சிக் குறை உள்ளவங்களுக்குப் பதினெட்டு வயசுக்கு மேல காப்பாளர் போட மாவட்டத்துல கலெக்டரை வச்சே ஒரு குழு இருக்கு. சட்டம் போட்டு இருபத்தஞ்சு வருசம் தாண்டிருச்சு, சேதி இன்னும் எரியோட்டுக்கு பஸ் ஏறலை.

இந்த நாலு வீடும் ஒரு குழுவாக் கூடணும். குழுன்னதும் முழிக்காதீங்க. 1989-ல தர்மபுரியில மகளிர் சுய உதவிக் குழு ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு நம்மூருல குழு இல்லாத தெரு கிடையாது. வட்டிக் கணக்கு முடிச்சு நோட்டை மூடுன பெறகு அரைமணி நேரம் மாமியாரைப் பத்திப் பேசுவாங்க பாருங்க, எனக்கு அந்த அரைமணிதான் வேணும். மைக் செட்டு வேண்டாம், தலைவர் வேண்டாம், சிறப்பு விருந்தினர்னு என்னைக் கூப்பிடவே வேண்டாம். அமெரிக்காவுல மேடிசன்ங்கற ஊர்ல 1977-ல ரெண்டு அம்மாமாரு மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒண்ணா உக்காந்தாங்க. ரெண்டு பேரு மகனுக்கும் மனச்சிதைவு. அந்தப் பேச்சுல மொளைச்சது ரெண்டே வருசத்துல அந்த நாடு முழுக்கச் சங்கமாச்சு. நம்ம ஊருல சாப்பாடு இதைவிட நல்லாவே இருக்கும்.

ஒண்ணு மட்டும் சொல்லிப்புடுறேன். கோவிலூர்க்காரி மகனுக்குக் கேட்ட மாத்திரைன்னு நம்ம பயலுக்கு வாங்கிப் போட்டுராதீங்க. மாத்திரை டாக்டரு சமாச்சாரம், திண்டுக்கல்லுல மருத்துவக் கல்லூரியே வந்தாச்சு. நாலு வீடும் கூடிப் பேசுனதை டீக்கடையில அவுத்து விடவும் கூடாது. உக்காந்திருக்கறதுல ஒருத்தி, "பேசாம இவனையும் கூட்டிக்கிட்டுப் போயிச் சேந்துரலாமான்னு இருக்கு"ன்னு சொன்னா, "ச்சீ, அப்படிப் பேசாத"ன்னு வாயைப் பொத்தாதீங்க. ஒரு ஆள் அவ பக்கத்துலயே இருங்க, இன்னொரு ஆள் 14416-க்குப் போன் போடுங்க. டெலிமானஸ். ராவு பகல் எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. அதுவும் ஓசிதான், ஆனா அங்க இருக்கறவங்க படிச்சுட்டு உக்காந்திருக்காங்க.

என்ன, தலையை ஆட்டுறீங்க? "அவளைப் போகச் சொல்றேன் பெரியப்பா"ன்னு சொல்லத்தானே வர்றீங்க? அதானே பாத்தேன். புள்ளை பரீச்சையில நல்ல மார்க்கு வாங்குனா எங்க வம்சம்பீங்க, கடிச்சு வச்சா மட்டும் அவ மகனா? நீங்களும்தான் போறீங்க. ஷிப்டு இல்லாத ஞாயித்துக்கிழமை நீங்க எத்தனை மணிக்கு எந்திரிக்கிறீங்கன்னு எங்க தம்பி மக ஏற்கெனவே சொல்லிருச்சு.

பேராண்டி? என்கிட்ட விட்டுட்டுப் போங்க. பூட்டெல்லாம் வேண்டாம், வாசல்ல நான் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கறேன், என்னைத் தாண்டி எப்படி ஓடுறான்னு பாத்துருவோம். போன தடவை மீசையைப் புடிச்சு இழுத்துட்டான். எதுக்கு இழுத்தான்னு காரணம் உங்ககிட்டக் கேக்க மாட்டேன், டீக்கடையிலயும் கேக்க மாட்டேன். இழுக்கறதுக்கு முன்னாடி நான் அவன் கையில இருந்த ரிமோட்டை வாங்குனேன். அதைத் தாள்ல எழுதிக்கிட்டுப் போயி கோவிலூர்க்காரிகிட்டக் கேட்டுட்டு வாங்க.