குமணனை மிஞ்சியவர்

குமணன் தலையைத்தான் கொடுக்க வந்தான். தம்பியிடம் நாட்டை இழந்து காட்டில் கிடந்தவனிடம் பெருந்தலைச் சாத்தனார் பரிசில் கேட்டுப் போய் நிற்க, கொடுக்க வேறொன்றும் இல்லாமல் வாளை எடுத்து அவர் கையில் கொடுத்தான் என்கிறது புறநானூறு. அந்தப் பேரைத் தாங்கிய குமணன்சாவடியில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரைப் பார்த்த பிறகு, குமணனுக்குக் கொஞ்சம் கைச்சுருக்கம்தானோ என்று படுகிறது. தலை ஒன்றுதானே! இவர் தண்ணீருக்கு நாலு சுவரையும் கூரையையும் கொடுத்தார். போதாதென்று என் பீரோவின் முதுகையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்.

பக்கத்திலேயே செம்பரம்பாக்கம் ஏரி. 24 அடி தண்ணீர் நிற்க அதற்குக் கரை வேண்டும், மதகு வேண்டும், மழை நாளில் தூங்காத பொறியாளர்கள் வேண்டும். எங்கள் குளியலறை ஏரிக்கு இந்த ஆடம்பரம் எதுவும் கிடையாது. கழிவுக் குழாயை மறைக்கத் தளத்தைப் பள்ளமாக இறக்கி, செங்கல் உடைசலைக் கொட்டி, மேலே டைல்ஸ் ஒட்டியாயிற்று. டைல்ஸ் இடுக்கு வழியாகக் குளிக்கிற தண்ணீர் தினம் கொஞ்சம் இறங்கி, உடைசலுக்குள் தங்கிவிடுகிறது. டைல்ஸ் ஒட்டுமுன் அந்தப் பள்ளத்தில் நீர்க்கசிவு தடுக்கும் பூச்சு பூசி, இரண்டு நாள் தண்ணீர் கட்டி வைத்து, கீழ்த்தளத்தில் போய் அண்ணாந்து பார்ப்பது சந்தேகப் பிராணிகளின் வழக்கம். எங்கள் வீட்டுக்கார சார் யாரையும் சந்தேகிக்காத மனிதர். அண்ணாந்து பார்க்கும் வேலையைக் கீழ்வீட்டுக்காரர்களுக்கு விட்டுவிட்டார்; அவர்களும் இன்றுவரை தவறாமல் பார்த்துவருகிறார்கள்.

அவருக்கு வாய்த்த பிளம்பரும் லேசுப்பட்டவரல்ல. சுவரை வெட்டிக் குழாய் பதித்ததும், பூசி மூடுமுன் குழாய்க்குள் தண்ணீரை அடைத்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் இறங்குகிறதா என்று சில மணி நேரம் பார்ப்பார்கள். இவரிடமும் அந்தப் பம்ப் உண்டு. நானே பார்த்தேன், ஒரு கீறல் இல்லை, ஒரு துளி ஈரம் பட்ட அடையாளம் இல்லை, கடையிலிருந்து வந்த நாளின் மினுக்கு அப்படியே இருந்தது. இங்கிருந்து மேற்கே போனால் வரும் காஞ்சியில், தொண்டைமானின் நெய் பூசிய வேல்களை ஔவை எப்படி மெச்சினாளோ, அப்படி மெச்சினேன். எங்கோ சுவருக்குள் ஒரு மூட்டு நொடிக்கு ஒரு சொட்டு விட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு நாளைக்கு 86,400 சொட்டு, நாலு லிட்டருக்குக் குறையாது. சுவருக்கு இப்படி வேளை தவறாமல் தண்ணீர் காட்ட வேறு யாரால் முடியும்?

ஒரு ராத்திரி எல்லாக் குழாயையும் இறுக மூடிவிட்டு, மாடித் தொட்டியில் குச்சி விட்டு மட்டத்தை அளந்தேன். விடிந்ததும் அளந்தால் மட்டம் குறைந்திருந்தது. ஓடிப்போய்ச் சாரிடம் சொன்னேன்.

“வெயிலுக்கு ஆவியாப் போயிருக்கும் சார்” என்றார்.

ராத்திரி வெயிலை நான் கணக்கில் எடுக்கவில்லை. படித்த படிப்பு அவ்வளவுதான்.

மொட்டை மாடியை எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்துக் கொத்தனார்கள் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துத் தளம் போட்டு, தட்டோடு பதித்து, வாட்டம் பார்த்துப் பார்த்து மழைநீரை மாடியிலிருந்து விரட்டினார்கள். விருந்தோம்பல் தெரியாதவர்கள். எங்கள் மாடியில் வாட்டம் நடுப்பக்கம் நோக்கி இருக்கிறது. மழை வந்தால் உட்கார்ந்து, இளைப்பாறி, விருப்பப்பட்டால் இறங்கி வரலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து போனபின் ஊரெல்லாம் காய்ந்துவிட்டது. எங்கள் படுக்கையறைச் சுவர் மட்டும் நன்றி மறவாமல் சித்திரை வரை ஈரமாகவே இருந்தது.

கீழ்த்தளத்தின் கதை வேறு. மண்ணின் ஈரம் மேலே ஏறாதிருக்க, தரைமட்டத்துக்கு அரையடி மேலே சுவரில் ஒரு சிமென்ட் பட்டை போடுவார்கள், கொத்தனார்கள் டி.பி.சி. என்பார்கள். தெருவில் தார்மேல் தார் போடப்போட ரோடு உயர்ந்தது. சார் சும்மா இருப்பாரா? வாசலிலும் பக்கத்துச் சந்திலும் மண்ணடித்து உயர்த்தினார். பட்டை பூமிக்குள் போயிற்று. இப்போது திரியில் எண்ணெய் ஏறுவதுபோலச் செங்கல் வழியே ஓதம் ஏறி, இடுப்புயரத்துக்கு உப்பு பூத்து நிற்கிறது. விதையின்றி, உரமின்றிச் சுவரையே பூக்கவைத்தவர்!

கசிவின் மூலத்தைத் தேடுவது, மூட்டை மாற்றுவது, சுவரை உலரவிட்டுப் பூசுவது எல்லாம் நாள் பிடிக்கும் காரியம். சார் கையில் இருப்பது பெயிண்ட் டப்பா. தை பிறக்குமுன் சுரண்டி, புட்டி வைத்து, ரப்பர்போல் படியும் உயர்ந்த பெயிண்டாக அடித்துவிடுவார். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே பத்திரமாக இருக்கும். பங்குனிக்குள் பெயிண்ட் அப்பளம்போல் உப்பும். கூரைக்கும் இதே வைத்தியம்தான். உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டைத் தள்ளி, போன மாதம் ஒரு கையகலத் துண்டு சாப்பாட்டு மேசைமேல் விழுந்தது. எத்தனை கம்பி, என்ன கனம் என்று ஒளிவுமறைவில்லாமல் காட்டும் வீட்டுக்காரர் இந்தப் பூந்தமல்லி வட்டாரத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்?

இந்த மாதம் காலி செய்கிறேன். நேற்று வீடு பார்க்க ஒரு இளம் தம்பதி வந்தார்கள். புதுப் பெயிண்ட் வாசனையில் பூஞ்சை வாடை அடங்கியிருந்தது. அந்தப் பெண் சார் காதில் விழாமல் என்னிடம் மெல்லக் கேட்டாள்.

“அங்கிள், இங்க தண்ணி கஷ்டம் ஏதாவது உண்டா?”

“குறையே கிடையாதும்மா,” என்றேன். “எல்லா ரூமுக்கும் வரும்.”