கொழுந்து யார் கணக்கில்?

கேள்வி: ஒரு நாடு விழுங்கும் மூலப்பொருளை எப்படி அளப்பது? அதன் மண்ணில் தோண்டியதையும் பறித்ததையும் கூட்டினால் போதாதா? (வாசகர், கட்டுகஸ்தோட்டை)

பதில்: போதாது ஐயா. அப்படிப் பார்த்தால், மூன்று வேளையும் கடையில் சாப்பிடுகிறவர் விறகே செலவழிக்காத உத்தமர்!

நம் ஹந்தானைப் பக்கமே வாருங்கள். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அதை உலர்த்த விறகு வேறு. கப்பலில் போவது தூள் மட்டும்தான். ஆகவே சுங்கத் தராசில் லண்டன்காரர் வாங்கியது ஒரு கிலோ. கொழுந்தும் விறகும்? இலங்கை தலையில்!

இந்தச் சாமர்த்தியத்தைப் பிடிக்கத்தான் ஆய்வாளர் தாமஸ் வீட்மன் குழுவினர் 2013இல் 186 நாடுகளுக்கு நுகர்வை வைத்துக் கணக்குப் போட்டார்கள். குடிப்பவர் பெயரிலேயே கொழுந்து, விறகு எல்லாம் ஏறும். 2008இல் உலகம் எடுத்த சுமார் 7,000 கோடி டன்னில் ஐந்தில் இரண்டு பங்கு பிறநாட்டு வாடிக்கையாளருக்காகவே எடுக்கப்பட்டதாம். பணக்கார நாடுகள் 'சிக்கனமாகிவிட்டோம்' என்றது பாதிக் கதை. ஐ.நா.வும் இந்த அளவைத் தன் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் 12ஆவதில் சேர்த்துக்கொண்டது.

ரொம்பச் சிரிக்காதீர்கள். தலதா வீதியில் நீங்கள் வாங்கும் செல்போனுக்காகச் சிலியில் வெட்டிய செம்புத் தாது உங்கள் பெயரில்தான் ஏறும். அதிலும் நூறு கிலோ வெட்டினால் பெரும்பாலும் ஒரு கிலோ செம்புகூடத் தேறாது.