காய்கறித் தட்டில் ஒரு குளம்

சாம்பாருக்குக் கொத்தமல்லி எடுக்கப் போன அம்மா, காய்கறித் தட்டைப் பாதி இழுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தட்டில் இரண்டு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர். மல்லிக்கட்டும் ஒரு கத்தரிக்காயும் அதில் மிதந்துகொண்டிருந்தன. "என்னப்பா இது, ஊத்துக்கண் தொறந்த மாதிரி இருக்கு" என்றாள். துடைத்தோம். மறுநாள் காலை குளம் மறுபடி நிறைந்து, வழிந்து, தரையில் ஓடி, செய்தித்தாள் கட்டை நனைத்திருந்தது. ஈரத்தில் முழங்கால் போட்டுக் குனிந்து அடியில் எட்டிப் பார்த்தபோது எனக்கு வேறொரு ஃபிரிட்ஜின் ஞாபகம் வந்தது. அதன் தண்ணீருக்காக ஒரு தெருவே காத்திருந்த காலம் அது.

திருச்சி உறையூரில் எங்கள் தெருவுக்கு முதல் ஃபிரிட்ஜ் வந்தது 1984 கோடையில். கூட்டுறவுச் சங்கக் கடனில் அப்பா வாங்கியது. 165 லிட்டர், ஒற்றைக் கதவு, பிஸ்தா பச்சை. சமையலறையில் வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும் என்று கூடத்தில், கடிகாரத்துக்குக் கீழே நிறுத்தி, தலையில் அக்கா பின்னிய குரோஷா விரிப்பைப் போட்டு, பக்கத்தில் முக்காலியின்மேல் ஸ்டெபிலைசரை உட்காரவைத்தோம். கதவுக்குப் பூட்டு உண்டு. சாவி அம்மாவின் முந்தானை முடிச்சில். ஆனால் அந்தப் பூட்டு யாரையும் தடுத்ததாக நினைவில்லை. எதிர்வீட்டு அத்தையின் இன்சுலின் புட்டி முட்டைக் குழியில் இருந்தது. பூக்காரம்மாவின் விற்காத மல்லிகை, ஈரத்துணி சுற்றி நடுத்தட்டில் இருந்தது. கதவில் அடுக்கிய தண்ணீர்ப் புட்டிகளில்கூட மல்லிகை வாசம் ஏறி, அந்தக் கோடை முழுக்க நாங்கள் குடித்ததெல்லாம் பூ மணத்த தண்ணீர்தான். அந்தச் சுவையை அதன்பிறகு எந்தத் தண்ணீரிலும் நான் கண்டதில்லை.

அந்தப் பெட்டி தன் பனியை மறைத்ததே இல்லை. மேலே சின்னக் கதவு போட்ட ஃப்ரீசர். அதன் அலுமினியச் சுவர்களில் நாளுக்கு நாள் வெள்ளை ஏறுவது கண்ணுக்குத் தெரியும். பனி ஒரு விரற்கடை தடித்துவிட்டால் அதுவே போர்வையாகிக் குளிரை வெளியே விடாது, கம்ப்ரசர் மூச்சு வாங்கும் என்று அப்பா சொல்வார். அப்படித் தடித்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை காலையில், திருகு பொத்தானின் நடுவிலிருந்த சிவப்புக் குமிழை அவர் அழுத்துவார். கூடத்தில் எப்போதும் இருந்த முனகல் சட்டென்று நின்றுவிடும். அந்த நிசப்தத்தில் முதல் சொட்டு, ஃப்ரீசருக்குக் கீழேயுள்ள தட்டில் விழும் சத்தம் கேட்கும். பாலையும் மாவையும் அம்மா வெளியே எடுத்து வைப்பாள், பழைய வேட்டிகளை அக்கா தரையில் பரப்புவாள், நான் வாசலில் போய் நின்று சொல்வேன். அரை மணியில் தெருப்பிள்ளைகள் டம்ளரோடு வந்துவிடுவார்கள். சுவரைவிட்டுப் பிரிந்து வரும் பனித்துருவலை டம்ளரில் அடைத்து, அதன்மேல் அம்மா நன்னாரி சர்பத்தை ஒரு கரண்டி ஊற்றுவாள். பனி தேன்நிறமாகி மெல்ல அமிழும். அந்தச் சில நொடிகள் யாரும் பேசமாட்டோம்.

1986-இல் ஒரு ஞாயிறு, அப்பா வெளியே போயிருந்தார். பிள்ளைகள் காத்திருந்தார்கள், பனி பிரியவில்லை, நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்து நெம்பினேன். 'உஸ்ஸ்' என்று நீண்ட சீறல். கையில் குளிர்காற்று பட்டது. பெட்டியின் உயிரே வெளியே போவதாக எண்ணி, விரலால் அந்தத் துளையை அடைத்துக்கொண்டு நின்றேன். பயமாக இருந்தது என்பதைவிட, ஓர் உயிருக்கு வலிக்கச் செய்துவிட்ட துக்கம் என்றால் சரியாக இருக்கும். திரும்பி வந்த அப்பா அடிக்கவில்லை. என் விரலை மெதுவாக எடுத்துவிட்டு, "காத்திருந்தா தானா விழுந்திருக்கும்டா" என்று மட்டும் சொன்னார். மெக்கானிக் அண்ணன் வந்து துளையை அடைத்து, சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்து, மறுபடி கேஸ் ஏற்றினார். அன்று என் விரலைத் தாண்டிப் போனது ஆர்-12 என்ற கேஸ். அதிலுள்ள குளோரின் மேலே போய் ஓசோனைத் தின்கிறது என்பதற்காக உலக நாடுகள் மாண்ட்ரியலில் கையெழுத்திட்டது அதற்கு அடுத்த வருடம், 1987-இல். அந்த ஒப்பந்தத்தைப் பற்றிப் பின்னாளில் படித்தபோதெல்லாம் என் விரல் நுனி குளிர்ந்திருக்கிறது.

இன்றைய வீடு சென்னையில், ஐஸ் ஹவுஸ் பக்கம். அமெரிக்காவின் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து பாய்க்கப்பலில் கொண்டுவந்து சேர்த்துவைக்க, பனி வியாபாரி ஃபிரடெரிக் டியூடர் 1842-இல் கட்டிய பண்டகசாலையின் பெயரால்தான் இந்தப் பகுதியை ஆட்டோக்காரர்கள் இன்றும் அழைக்கிறார்கள். 1897-இல் விவேகானந்தர் தங்கி, இப்போது விவேகானந்தர் இல்லமாக இருப்பதும் அந்தக் கட்டடமே. அவ்வளவு தூரத்துப் பனியை இறக்கிய கடற்கரையின் காற்றுதான் இன்று என் காய்கறித் தட்டில் குளமாகிறது என்பது குனிந்து பார்த்த பிறகே உறைத்தது. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீரைத் தாங்கும். 5 டிகிரியில் 7 கிராம்கூடத் தாங்காது. ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் கடலோர ஈரம் உள்ளே போய், சுமக்க முடியாததை அங்கேயே இறக்கிவிடுகிறது.

இந்தக் காலத்து இரட்டைக் கதவுப் பெட்டி அந்த ஈரத்தை நம் கண்ணில் காட்டுவதில்லை. ஃப்ரீசரின் பின்பலகைக்கு அப்பால் குளிர்ச்சுருளில் பனி படியும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு ஹீட்டர் தானே எரிந்து அதை உருக்கும். தண்ணீர் ஒரு சின்ன ஓட்டை வழியே குழாயில் இறங்கி, பின்னால் கம்ப்ரசர் மேலிருக்கும் தட்டில் விழுந்து, அந்தச் சூட்டிலேயே ஆவியாகிவிடும். நல்ல ஏற்பாடு. அம்மாவின் முதுகுவலிக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமையை அது தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது.

பழுதுபார்க்க வந்த தம்பி, பெட்டிக்கு வயதாகிவிட்டது, புதிது வாங்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினார். எனக்கு மனம் ஒப்பவில்லை. முதலில் கதவு ரப்பரைச் சோதித்தேன். ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி, நாலு பக்கமும் இழுத்துப் பார்த்தேன், எல்லாப் பக்கமும் இறுக்கிப் பிடித்தது. ஹீட்டர் கெட்டிருந்தால் சுருள் முழுக்கப் பனி மூடிக் காற்று வராமல் கீழ்ப்பகுதி சூடாகியிருக்கும். பாலோ நல்ல குளிர்ச்சியாகவே இருந்தது. ஃப்ரீசரின் தரையில் மட்டும் கண்ணாடிப் பாளமாக ஐஸ். உருகிய தண்ணீருக்கு வழி அடைத்துப்போய், அங்கேயே உறைந்து, மிச்சம் கீழே ஒழுகுகிறது.

மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவுகளையும் திறந்துவைத்துச் சில மணி நேரம் காத்திருந்தேன். அப்பா சொன்ன காத்திருப்பு. இப்போதைய பெட்டியில் இருப்பது ஆர்-600ஏ, சமையல் கேஸின் நெருங்கிய உறவு. ஓசோனைத் தொடாது, ஆனால் தீப்பற்றும். கூரிய எதையும் அருகில் கொண்டுபோகவில்லை. பின்பலகையைக் கழற்றி, மருந்துக்கடையில் வாங்கிய பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்து ஓட்டைக்குள் செலுத்தினேன். மூன்று முறை எதிர்த்துத் திரும்பியது. நான்காவது முறை, கறுப்புப் பாசியாக ஏதோ நெகிழ்ந்து போக, பின்னால் கம்ப்ரசர் தட்டில் 'களக்' என்று தண்ணீர் விழுந்தது. "வழி கெடச்சிருச்சு" என்றாள் அம்மா, முக்காலியில் உட்கார்ந்தபடி.

ஓட்டை மறுபடி உறையாமலிருக்க ஹீட்டரிலிருந்து கொஞ்சம் சூட்டை அதற்குள் கொண்டுபோக வேண்டும். பரண்மேலிருந்த அப்பாவின் தகர டப்பாவை இறக்கினேன். ஃபியூஸ் கம்பி, இன்சுலேஷன் டேப், பழைய ஸ்டெபிலைசரின் குமிழ் எல்லாம் அவர் வைத்தபடியே இருந்தன. தடித்த செம்புக் கம்பியில் ஒரு சாண் வெட்டி, ஹீட்டர் குழாயில் சுற்றி, மறுமுனையை ஓட்டைக்குள் தொங்கவிட்டேன்.

தரைப்பாளம் அதற்குள் பிரிந்து, பாதி தட்டு அளவுக்கு ஒரே துண்டாகக் கையில் வந்தது. அம்மா அதை எவர்சில்வர் தாம்பாளத்தில் வாங்கி, உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். விரலிடுக்குகளில் தண்ணீர் ஓடிப் புடவையை நனைத்தது. "நன்னாரி இருக்காப்பா?" என்று கேட்டாள். இல்லை. இருந்திருந்தாலும் இது குடிக்க ஆகாது என்று அவளுக்கும் தெரியும்.

அது ஆயிற்று பதினோரு நாள். தினமும் காலையில், காப்பிக்கு முன்னால், அம்மா காய்கறித் தட்டை இழுத்து அதன் அடியில் விரலால் ஒருமுறை தடவிப் பார்க்கிறாள். பிறகு அந்த விரலை என்னிடம் நீட்டிக் காட்டுகிறாள். ஈரமில்லை.