தம்பிக்குக் கிடைத்த கத்திரி

கீழ்வேளூரில் 1970களில் பெண் பிள்ளைக்கு முடிவெட்டு என்று ஒன்று கிடையாது. நுனி பிளந்து போயிருந்தால் பாட்டி வளர்பிறையில், வெள்ளிக்கிழமை இல்லாத நாளாகப் பார்த்து, தையல் கத்திரியால் இரண்டு விரற்கடை நறுக்கிவிடுவார். நேர்முடிக்காரிகளுக்கு அது போதும். எனக்கு இருந்தது சுருட்டை. நெற்றியோரம் தொடங்கிப் பிடரி வரை சுண்டுவிரல் பருமனில் சுருள் சுருளாக நிற்கும்.

ஊரில் அதற்கு மதிப்பு இல்லாமல் இல்லை. சுருட்டை முடி சோறு போடும், கோரை முடி குடியைக் கெடுக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் சோறு போடும் அந்த முடியை ஒரு நாள் பிரித்துத் தொங்கவிட்டால் 'பரட்டைத் தலையோட எங்கடி கிளம்பிட்ட' என்பதும் அவர்களேதான். ஆகவே தேங்காய் எண்ணெய் கழுத்தில் வழிய வழியத் தேய்த்து, சிடுக்கெடுத்து, ரெட்டைச்சடையாக இழுத்துப் பின்னி, ரிப்பனால் மடித்துக் கட்டுவார் அம்மா. சிடுக்கெடுக்கும்போது கண்ணில் தண்ணீர் வரும். எங்கள் தெருவில் நாற்பது வயதான பல பெண்களுக்கு நெற்றியோரம் முடியே இருக்காது. இறுக்கிப் பின்னிப் பின்னி வேர் தளர்ந்து உதிர்கிற முடி அது. தோல் மருத்துவர்கள் இப்போது எச்சரிக்கிறார்கள். அன்றைக்கு அதற்கும் தலையெழுத்தையே காரணம் சொன்னார்கள்.

ஒருமுறை வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போய் மொட்டையும் போட்டார்கள். எங்கள் பக்கம் எல்லாச் சாமி வீட்டுப் பிள்ளைகளும் அங்கே முடி கொடுப்பதுண்டு. மொட்டையடித்தால் அடுத்து வருவது நேராக வரும் என்று அம்மாவிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். முடி சுருள்வதும் நேராக நிற்பதும் தோலுக்கு அடியில் இருக்கும் வேர்ப்பையின் வடிவத்தால். அது வளைந்திருந்தால் முடி வளைந்தே முளைக்கும். மேலே எத்தனை முறை மழித்தாலும் அடியில் இருக்கும் பை அப்படியேதான் இருக்கும். எனக்கும் அதே சுருள் திரும்ப வந்தது. அம்மாவுக்கு வருத்தம்.

தம்பிக்கும் என் தலைதான். அவனுக்கு மட்டும் நல்ல வெட்டு கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கக்கத்தில் அடைப்பத்தை இடுக்கிக்கொண்டு முடிவெட்டும் பெரியவர் ஒருவர் கொல்லைப்பக்கம் வருவார். வேப்பமரத்தடியில் மணை போட்டுத் தம்பி உட்காருவான். மற்றப் பையன்களுக்குத் தலையை நனைத்துவிட்டு வெட்டுகிறவர், இவனுக்கு மட்டும் தண்ணீர் தொடமாட்டார். 'நனைச்சா நீளமாத் தெரியும்மா. காஞ்சதும் மேல ஏறிக்கும். இந்தத் தலைய காஞ்ச மேனிக்குத்தான் பாக்கணும்' என்பார். சீப்பையும் கீழே வைத்துவிடுவார். விரலால் ஒரு சுருளைத் தூக்கி, அது எங்கே வளைகிறது என்று பார்த்து, வளைவுக்குக் கீழே ஒரு வெட்டு. பிறகு அடுத்த சுருள். நாலைந்து வெட்டு ஆனதும் எழுந்து பின்னால் நகர்ந்து, தூரத்திலிருந்து மொத்தத் தலையையும் பார்ப்பார். காதோரத்தில் மட்டும் மிஷின். கண்ணாடி கிடையாது. அவர் கண்தான் கண்ணாடி. வெட்டி முடித்த அன்றைக்கே தம்பியின் தலை உருண்டு திரண்டு அழகாக இருக்கும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தாலும் வடிவம் கெட்டிருக்காது. நான் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்பேன்.

அவர் சொன்னதன் காரணத்தைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். முடிக்குள் இருக்கும் கெரட்டின் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்புகளில் ஹைட்ரஜன் பிணைப்பு என்று ஒரு வகை உண்டு. தண்ணீர் பட்டால் அது விட்டுப்போகும். முடி நீண்டு தொங்கும். காயும்போது அந்தப் பிணைப்பு மறுபடி சேரும், சுருள் தன் இடத்துக்கு ஏறும். ஈரத்தில் தோளைத் தொட்ட சுருள் காய்ந்தபின் காதுமடலில் நிற்கும். அதிலும் ஒரே தலையில் பிடரிச் சுருள் ஒரு அளவு ஏறும், உச்சிச் சுருள் வேறு அளவு ஏறும். ஈரத்தில் சமமாக வெட்டினால் காய்ந்ததும் மேடுபள்ளம். நியூயார்க்கில் லொரேன் மாசி என்ற சிகையலங்காரக் கலைஞர் காயவைத்துச் சுருள் சுருளாக வெட்டுவதை ஒரு முறையாகவே வகுத்துப் புத்தகம் எழுதினார். உலகம் முழுக்கச் சுருட்டை முடிக்காரிகள் அதைப் பின்பற்றுகிறார்கள். எங்கள் வேப்பமரத்தடிப் பெரியவர் அதை யாரிடமும் படிக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கைக்கு வந்த கண்.

அவருக்கு நாங்கள் கொடுத்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். காசு கிடையாது. அறுவடையின்போது களத்தில் நெல் அளந்து கொடுப்பார்கள். குறுவை பொய்த்தால் அவருக்கும் பொய்த்தது. தாத்தா வயதுள்ளவரை எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகள் 'வா, போ' என்று கூப்பிட்டார்கள். அவர் பதிலுக்குத் 'தம்பி' என்பார். பிரசவம் பார்த்ததும் அவர் சமூகத்துப் பெண்கள், கல்யாணத்துக்கு நாகஸ்வரம் வாசித்ததும் அவர் சமூகத்து ஆண்கள். ஒரு மனிதரின் பிறப்பு முதல் சாவு வரை தொட்டுச் செய்கிற இத்தனை வேலைக்கும் கொல்லைப்பக்க வாசல்தான்.

பெண்கள் தலையில் அவர் கத்திரி வைக்கக்கூடாது. வைத்த ஒரே இடம், அக்கிரகாரத்தில் புருஷன் செத்துப்போன பெண்ணின் தலை. நான் சிறுமியாக இருந்தபோதுகூட மழித்த தலையில் முக்காடு போட்ட வயதான பாட்டிகள் கேடிலியப்பர் கோயிலுக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் எத்தனை பேருக்கு சுருட்டை இருந்திருக்குமோ. அழகுக்கு வெட்ட அனுமதி இல்லாத கத்திக்கு, அழிப்பதற்கு அனுமதி இருந்தது.

சேரித் தெருவுக்கும் அவர் போகக்கூடாது. மேல்தெருக்காரர்களின் கட்டுப்பாடு. என்னோடு படித்த ஒருத்தியின் அண்ணனுக்கு எங்கள் எல்லோரையும்விட அடர்த்தியான சுருட்டை. அவன் கீழ்வேளூர் ஸ்டேஷனில் ரயிலேறி நாகப்பட்டினம் போய், யார் என்று கேட்காத ஏதோ ஒரு சலூனில் வெட்டிக்கொண்டு வருவான். பக்கத்திலேதான் வெண்மணி. அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 இரவு சேரி மக்கள் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்த மண்ணில், கத்திரிக்கும் எல்லைக்கோடு இருந்தது. அந்த நல்ல வெட்டைப் பற்றி ஏக்கத்தோடு எழுதும்போது, அது யாருக்கெல்லாம் மறுக்கப்பட்டது என்பதை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

இப்போது கீழ்வேளூர் கடைத்தெருவில் பெண்களுக்கான பார்லர் இருக்கிறது. எந்தத் தெருப் பெண்ணும் நாற்காலியில் உட்காரலாம். அங்கே வேலை செய்யும் பெண்களை எல்லோரும் 'அக்கா' என்கிறார்கள். ரொக்கமாகக் காசு வாங்குகிறார்கள். இது சாதாரண மாற்றம் இல்லை. கண்ணால் காண எனக்கு வாய்த்ததே என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் சுருட்டை முடிக்காரி உள்ளே போனால் கதை மாறுகிறது. தம்பி மகளை அழைத்துக்கொண்டு பல ஊர் பார்லர்களில் ஏறி இறங்கியிருக்கிறேன். முதலில் தலையை நனைப்பார்கள். சீப்பால் நேராக இழுப்பார்கள். யூ கட், லேயர் கட் என்று அளந்து வெட்டுவார்கள். சூடான காற்றடித்து நேராக்கிக் கண்ணாடியில் காட்டுவார்கள். மறுநாள் வீட்டில் தலைக்குக் குளித்துக் காய்ந்ததும் உச்சியில் ஒட்டி, காதுக்குக் கீழே புடைத்து, முக்கோணமாக நிற்கும். திரும்பிப் போய்க் கேட்டால் எல்லா இடத்திலும் ஒரே பதில்: 'ஸ்மூத்தனிங் பண்ணிக்கங்க, அடங்கிடும்.'

அடக்குவதற்கு என்னென்ன செய்கிறார்கள் என்று பெண்களிடம் யாரும் விளக்கிச் சொல்வதில்லை. ரீபாண்டிங் என்பது முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை மருந்தால் உடைத்து, சூட்டுத் தகட்டால் நேராக்கி, வேறொரு மருந்தால் அந்த நிலையிலேயே இறுக்குவது. கெரட்டின் சிகிச்சை என்ற பெயரில் வருபவை சிலவற்றில் சூடு பட்டால் ஃபார்மால்டிஹைடு வெளியாகும். வேறு சிலவற்றில் க்ளையாக்ஸிலிக் அமிலம். முடியை நேராக்கிக்கொண்ட ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 26 வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றி 2024இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதினார்கள். அவள் தலையில் போட்ட கிரீமில் இருந்தது இந்த அமிலம். அமெரிக்காவில் 33,497 பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2022இல் வந்தது. அடிக்கடி முடியை நேராக்கும் மருந்து போட்டவர்களிடம் கருப்பைப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டது. மருந்துதான் காரணம் என்று அந்த ஆய்வே முடிவுகட்டிவிடவில்லை. ஆனாலும் ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் தலையில் ஊற்றுமுன் சொல்ல வேண்டிய செய்தி அது. இவ்வளவும் செய்தபின் ஆறு மாதத்தில் வேரிலிருந்து மறுபடி சுருட்டையே முளைக்கும்.

அதே பார்லரில் அதே நாளில் கல்யாணப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். அவளுக்குக் கோரை முடி. வரவேற்புக்காகச் சூட்டுக் கம்பியில் சுற்றிச் சுற்றி அவள் முடியைச் சுருட்டிக்கொண்டிருப்பார்கள். தம்பி மகள் அதைப் பார்த்துவிட்டு, 'அத்தை, எனக்கு ஃப்ரீயா இருக்குறத அவங்களுக்குக் காசு வாங்கிட்டு வைக்கிறாங்க' என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நல்ல வெட்டு கடைசியில் நாகப்பட்டினத்தில் ஒரு சின்னப் பெண்ணிடம் கிடைத்தது. அவளுக்கும் சுருட்டை. 'கிளாஸ்ல இதெல்லாம் சொல்லித் தரலம்மா. என் தலையிலயே வெட்டி வெட்டிப் பழகுனேன்' என்றாள். முதல் நாள் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல், பின்னாமல், சுருளை அதன் போக்கில் காயவிட்டு வரச் சொன்னாள். வந்ததும் கத்திரியைத் தொடவில்லை. சுற்றி வந்து பார்த்தாள். எங்கே அடர்த்தி, எங்கே தளர்ச்சி என்று விரலால் தடவிப் பார்த்தாள். முடியை மெலிதாக்கும் பல்கத்திரியும் ரேஸரும் சுருட்டைக்கு ஆகாது, நுனி பிசிறிப்போகும் என்று கூர்மையான சாதாரணக் கத்திரியையே எடுத்தாள். சுருளுக்கு ஒரு வெட்டு. நடுவில் எழுந்து பின்னால் நகர்ந்து பார்த்தாள். அவள் அப்படி நகர்ந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. தம்பி மகளுக்கு முடிந்ததும் நானும் உட்கார்ந்தேன். அறுபது வயதுக்குப் பிறகு என் முடியின் உண்மையான வடிவத்தை முதன்முதலாகப் பார்த்தேன்.

வீட்டுப் பராமரிப்புக்கு அவள் சொன்னதில் பாதி எங்கள் கொல்லையிலேயே இருந்தது. சுருள் வழியே தலையின் எண்ணெய்ப்பசை நுனி வரை இறங்காது, அதனால் சுருட்டை சீக்கிரம் வறண்டுவிடும். கடுமையான ஷாம்பு வேண்டாம், செம்பருத்தி இலைக் கூழ் நல்லது என்றாள். ஈரத் தலையைச் சொரசொரத் துண்டால் அடித்துத் துவட்டாமல் பழைய மல்வேட்டியில் ஒற்றி எடுக்க வேண்டும். பல் அகன்ற சீப்பு, அதுவும் ஈரத்தில் மட்டும். எங்கள் கடலோரப் பக்கத்தில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதில் குளித்தால் கடைசிச் சொம்பு நல்ல தண்ணீராக இருக்கட்டும் என்றாள். சின்ன வயதில் மேட்டூர் திறந்து ஆற்றில் புதுத்தண்ணீர் வந்த நாட்களில் என் தலை மெத்தென்று இருந்ததற்குக் காரணம் அப்போதுதான் பிடிபட்டது.

தம்பி மகளின் பள்ளியில் இன்னும் ரெட்டைச்சடைதான் விதி. முடியின் இயல்பைக் காட்டிப் பள்ளியிலோ வேலையிலோ ஒருவரை ஒதுக்கக்கூடாது என்று கலிபோர்னியா 2019இல் சட்டம் போட்டது. நமக்குச் சட்டம்கூட வேண்டாம். இறுக்காமல் தளர்வாக ஒற்றைப் பின்னல் போட்டுக்கொள்ள அனுமதி கேட்டு அவளே வகுப்பாசிரியைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். எங்கள் கடைத்தெரு பார்லர் அக்காவை நாகப்பட்டினத்துக்கு என்னோடு கூட்டிப்போய் அந்தப் பெண் வெட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வைத்தேன். கேள்வி கேட்டார், செல்போனில் படம் பிடித்துக்கொண்டார். அடுத்த வெட்டு கீழ்வேளூரிலேயே. தலையை நனைக்கக்கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.