லண்டன் மாப்பிள்ளைக்கு மாமனார் சொன்ன யோசனை

வாங்க மாப்பிள்ள. லண்டன்லருந்து வந்து எறங்குனதும் எறங்காததுமா, "கண்டவனெல்லாம் நாட்டுக்குள்ள வாரான் மாமா, கதவச் சாத்தணும்"ங்கிறீக. தாராளமாச் சாத்துங்க. நீங்கதான் உள்ள போயிட்டீகளே.

ஆனா இதப் பேசுறதுக்கு ஒரு தெறம வேணும். எப்பப் பேசுனாலும் படகப் பத்தி மட்டும் பேசுங்க. 2022-ல சின்னப் படகுல கடலத் தாண்டி வந்தவுக 46 ஆயிரம் பேருக்குக் கிட்ட. அதே வருசம் உங்க சர்க்காரே விசா குத்தி உள்ள விட்டவுக பல லட்சம். அந்தக் கணக்க வாய் தவறிக்கூட எடுத்துராதீக. எடுத்தா, வெளிநாட்டுப் பிள்ளைக பீசு கட்டலன்னா காலேசு எப்படி ஓடும், வயசாளிகளக் குளிப்பாட்டி விடுறது யாருன்னு எவனாவது கேட்டுத் தொலைப்பான். பதில் சொல்லணும். படகுன்னா அந்தத் தொல்லை இல்ல, சத்தம் போட்டாப் போதும்.

ருவாண்டா சங்கதி உங்களுக்குத் தெரியாததா? படகுல வந்தவுகள அங்க அனுப்புறோம்னு 2022-ல கெளம்புனாக. அது பாதுகாப்பான எடம் இல்லைன்னு 2023-ல உங்க நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லிருச்சு. விடுவாகளா? பாதுகாப்பான எடந்தான்னு மறு வருசம் பார்லிமென்ட்ல சட்டமே போட்டாக. வறண்டு கெடக்குற கம்மாய, நெறஞ்சிருக்குன்னு பஞ்சாயத்துல தீர்மானம் போட்டாப்ல! கடைசியில அந்த வகையில செலவு 70 கோடி பவுண்டுன்னு அடுத்து வந்த சர்க்கார் கணக்குச் சொன்னுச்சு. போய்ச் சேந்தது நாலு பேரு, அதுவும் அவுகளாச் சம்மதிச்சு. ஆளுக்கு பதினேழரைக் கோடி. முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் போயிருப்பேன்.

அந்தத் திட்டத்துக்கு வரிஞ்சு கட்டிக்கிட்டு நின்ன அப்போதைய உள்துறை மந்திரி சூவெல்லா பிரேவர்மனுக்குத் தாய்வழி மொரீசியசுத் தமிழ் வம்சம், தகப்பன் கென்யாவுலருந்து போனவரு. அதுல குத்தம் சொல்ல மாட்டேன். பஸ்ஸுல முண்டியடிச்சு ஏறுனவன்தானே, "எடம் இல்ல, ரைட்டு போ"ன்னு மொதல்ல கத்துறான்.

2025 சூலையில, வயசாளிகளப் பாத்துக்கிறதுக்கு வெளிநாட்டுலருந்து புதுசா ஆளெடுக்குறதயும் நிறுத்திட்டாகளாம். சந்தோசம். இனி உங்க ஊருக் கெழவனுகளப் பாத்துக்க யாரு இருக்கான்னும் அதே வாயால கேட்டுருங்க.

அப்பறம், உங்க மச்சினன், அதான் என் மகன், அங்க மேப்படிப்புக்கு எழுதிப் போட்டிருக்கான். அவனுக்கு விசா வர்ற வரைக்கும் கூட்டத்துல கொஞ்சம் மெதுவாப் பேசுங்க மாப்பிள்ள.