ராமேஸ்வரக் குடும்பப் பயணத்தில் உலர்ந்த ஆளின் இடம்: ஓர் ஆய்வு

ராமேஸ்வரத்தைப் பற்றி எழுதியவர்கள் கோபுரத்தை எழுதினார்கள், சேதுவை எழுதினார்கள், மூன்றாம் பிராகாரத்தின் 1212 தூண்களையும் விடாமல் எண்ணி வைத்தார்கள். கோயில் வாசலில் ஏழு கைப்பேசி, நாலு பர்ஸ், பாட்டியின் மாத்திரை டப்பா, இரண்டு பை நிறைய மாற்றுத்துணி சகிதம் நனையாமல் நின்றுகொண்டிருக்கும் அந்த ஒருவரைப் பற்றி மட்டும் ஒரு வரி கிடையாது. இக்கட்டுரை அவரை ‘உலர்ந்த ஆள்’ எனக் குறிக்கிறது. குடும்பத்தோடு வருகிறவர்களுக்குத் தீவுக்காரன் சொல்லும் யோசனை எல்லாம் அவரிடத்தில் அடக்கம் என்பதே நமது கருதுகோள்.

1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்துக்கு ஓய்வு கொடுத்து, 2025 ஏப்ரலில் புதிய தூக்குப் பாலம் வந்துவிட்டது. ரயிலில் கடலைத் தாண்டி இறங்கும்வரை குடும்பம் முழுவதும் உலர்ந்தே இருக்கிறது. சிக்கல் அக்னி தீர்த்தத்தில் தொடங்குகிறது. அங்கே கடல் குளம் மாதிரிதான் கிடக்கும். குழந்தைகளைத் தைரியமாக இறக்கலாம். முங்கி எழுந்து, சொட்டச் சொட்டக் கோயிலுக்குள் போனால் 22 தீர்த்தங்கள். கிணற்று விளிம்பில் நிற்பவர் கயிற்று வாளியை விட்டு இழுத்து, தலைக்கு ஒன்றாகக் கவிழ்த்துவிட்டு அடுத்த தலையைப் பார்ப்பார். மூன்றாவது கிணற்றில் அழுகிற பிள்ளை எட்டாவது கிணற்றில் “இன்னொரு வாளி” என்று கேட்கும். கல் தரை முழுக்கத் தண்ணீர். பாட்டியின் கையை விடக்கூடாது.

கடைசியில் கோடி தீர்த்தம். அதோடு ஈரத்துக்கு அனுமதி முடிந்தது. சுவாமி சன்னதிக்கு உலர்ந்த துணியில்தான் போக வேண்டும். துணி வெளியே உலர்ந்த ஆளிடம் இருக்கிறது. கோயிலுக்குள் கைப்பேசி கூடாதென்பதால் அதுவும் அவரிடமே. ஆக, தேடுகிற ஏழு பேரிடம் ஒரு போன் இல்லை. தேடப்படுகிறவரிடம் ஏழு இருக்கின்றன. அவர் கிழக்குக் கோபுரத்தடியில் காத்திருக்க, இவர்கள் வடக்கு வாசலில் நடுங்கிக்கொண்டு ஒருவரையொருவர் குற்றம் சாட்டுவது இத்தீவின் அன்றாடக் காட்சி. எந்த வாசல் என்பதை நனைவதற்கு முன்பே முடிவு செய்யவும். காசு கொடுத்துப் பையை வைக்கிற இடங்களும் உண்டு. ஆனால் ஈரத்தோடு வருகிறவர்களைப் பார்த்ததும் எழுந்து வந்து துண்டை நீட்டுகிற பெட்டி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

‘வெயிலில் தானே காய்ந்துவிடும்’ என்றொரு மாற்றுக் கொள்கை உண்டு. பெரும்பாலும் மாமாக்களால் முன்வைக்கப்படுவது. கடலில் மட்டும் குளித்த துணிக்கு அது செல்லாது. உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உச்சிவெயிலில் காய்ந்த வேட்டி சாயங்காலம் மறுபடி பிசுபிசுக்கும். முதலில் கடல், பிறகு கிணறு என்று வைத்தவர்கள் பாவத்தை மட்டுமா யோசித்திருப்பார்கள்? 22 கிணற்றுத் தண்ணீரில் எந்த உப்பும் அலசிப் போகும். சலவைத் தொழில் நோக்கில் இது தனியாக ஆராயத்தக்கது.

இனி, இந்தப் பதவிக்குத் தக்கவர் யார்? புது மாப்பிள்ளை ஆகாது. வெளியே நிற்க வைத்தால் பத்து வருஷத்துக்குப் பேச்சு வரும். பெரியப்பா டீ குடிக்க நகர்ந்துவிடுவார். கல்லூரிப் பிள்ளை நிற்பான், ஏழு போனிலும் சார்ஜ் தீரும்வரை. சளி பிடித்த அத்தை கடலைக் கண்டதும் சளியை மறந்து இறங்கிவிடுவார். எல்லா வகையிலும் தேறுகிறவர் ஒருவரே: கோயிலுக்குள் காலெடுத்து வைப்பதில்லை என்று கொள்கையோடு வாழும் நாத்திகச் சித்தப்பா. அவரில்லாமல் இத்தனை பேர் புண்ணியம் சேர்க்க முடியாது என்பதை யாரும் அவரிடம் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த முறை வரமாட்டார்.

பிற்பகலில் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் ஊரை வாரிக்கொண்டு போனது; தேவாலயத்தின் சுவர்கள் மிச்சம். அரிச்சல்முனைவரை இப்போது தார்ச்சாலை இருக்கிறது, நிழல் இல்லை. குடையும் தண்ணீரும் கையில் வேண்டும். சாலைக்கு ஒரு பக்கம் பெண் கடல், மறுபக்கம் ஆண் கடல் என்போம். பெண் கடல் சாது. ஆண் கடலில் நீரோட்டம் பொல்லாதது. கரையிலிருந்து பார்ப்பதோடு சரி. மாலையானால் போலீஸ் விசிலடித்துக் கிளப்பிவிடும், ஆகவே மூன்று மணிக்குள் போய்ச் சேரவும்.

இங்கேதான் பதவி கைமாறுகிறது. காலையில் நனைந்தவர்கள் எல்லாம் தலைவாரி, பொட்டு வைத்து, ஒரு சொட்டும் மேலே படாமல் படமெடுத்துக்கொண்டிருப்பார்கள். சித்தப்பா இரண்டு பைகளையும் அண்ணியிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, சாதுவான பக்கமாகப் பார்த்து இறங்குவார். முழங்கால்வரை என்றுதான் சொல்லிவிட்டுப் போவார். கழுத்துவரை போய்விட்டுத் திரும்புவார். அண்ணி அப்போது பைகளைக் கிளறுவார். இரண்டிலும் அவர் அளவுக்கு ஒரு துணி இருக்காது.